எட்வேட் மன்னனின் வுப்பர்டால் பாராளுமன்றம்

இங்கிலாந்தை முதலாம் எட்வேட் என்றொரு அரசன் ஆண்டான். அவன் செத்து அறுநூற்றெண்பது வருடமாகிறது. அந்தச் சாவுச் செய்தி என்னுடைய வீட்டுக்காரருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இவர் பெயர் சிவகுருநாதன். யாழ்ப்பாணத்தில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவர். வரலாறு என்றதும் சோழன், சங்கிலியன், நெப்போலியன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களெல்லாம் இவருடைய வகுப்பில் வாசலோடு சரி. இவருக்கு எட்வேட் ஒருவன் போதும். அவன் பிடித்த சண்டையும் கட்டிய கோட்டையும்கூட இரண்டாம்பட்சம். அவன் கூட்டிய பாராளுமன்றங்கள்தான் இவருக்கு உயிர். பெடியள் 'எட்வேட் மாஸ்டர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பட்டம் வைப்பது பகிடிக்கு என்பது இவருக்கு விளங்கவில்லை. புழுகத்தோடு தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

கல்யாணமான அடுத்த கிழமையே எனக்கும் வகுப்புத் தொடங்கிவிட்டது. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பேன். இவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "குணேஸ், ஆயிரத்து இருநூற்று எழுபத்தைஞ்சிலை வெஸ்ட்மினிஸ்டரிலை…" என்று தொடங்குவார். அங்கே கூடியது, பிறகு ஷ்ரூஸ்பரியில் வேல்ஸ் நாட்டு இளவரசனை விசாரிக்கக் கூடியது, அங்கிருந்து எழும்பிப் போய்ப் பக்கத்து ஊரில் ஒரு தானியக் கொட்டிலுக்குள்ளேயே கூடியதாகச் சனம் சொல்லுகிற கதை, எல்லாம் மீன் செதிலோடு சேர்த்து என் தலையில் விழும். அந்தக் கண்டறியாத பாராளுமன்றம் என்னவென்று கேட்டுக் கேட்டு எனக்கும் விளங்கிவிட்டது. அரசனுக்குச் சண்டை வரும். சண்டைக்குக் காசு வேண்டும். உடனே ஊர் ஊராக ஆளனுப்பிச் சனத்தைக் கூப்பிடுவான். சனம் தன் குறையைச் சொல்லி அழும். அரசன் கேட்கிற மாதிரிக் கேட்டு, வரியைப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இதைப் படிப்பிக்க ஒரு டியூட்டரி, அதைப் படிக்க நாற்பது பெடியள்.

எண்பத்து நாலாம் ஆண்டு ஆமி டியூட்டரியைச் சுற்றி வளைத்து இவரையும் சில பெடியளையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் முகாம் வாசலில் மற்றப் பெண்களோடு கிடந்தேன். விட்டபோது இவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பாதம் இரண்டும் வீங்கி, கறுத்து, காலென்றே சொல்ல ஏலாமல் இருந்தன. இடது காலில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை. உப்புத் தண்ணீரில் ஒத்தடம் கொடுத்தபடி, என்ன செய்தவங்கள் என்று கேட்டேன்.

"கேள்வி கேட்டவங்கள், விட்டிட்டாங்கள்" என்றார்.

அவ்வளவுதான். எட்வேட்டைப் பற்றி விடிய விடியக் கதைக்கிற மனுசன் தன்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு வரி. அதற்குப் பிறகு நானும் கேட்டுப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், ஒன்றும் பெயரவில்லை. படுக்கையிலும் காலுறையைக் கழற்றமாட்டார்.

அடுத்த வருடம் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி மேற்குக்குள் புகுந்து, கடைசியில் மேற்கு ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில், ஹைம் என்கிற ஒரு அகதி விடுதியில் கொண்டுவந்து போட்டார்கள். ஆற்றங்கரையில் பழைய கட்டடம். ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகிற ரயில் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மாடிக்கு ஒரு குசினி, ஒரு கக்கூஸ். அகதியாக ஏற்கச் சொல்லி விண்ணப்பம், இங்கத்தைய பேச்சில் அன்ராக், போட்டிருந்தோம். அது சரிவராவிட்டால் கொழும்புக்குத் திருப்பி ஏற்றுவார்கள். இந்தப் பாதங்களோடு இவரைத் திருப்பி அனுப்பினால் அந்த முகாமுக்கு இன்னொரு முறை வேலை வைக்கிறதாகத்தான் முடியும் என்று எனக்குப் பயம். இவருக்கு அந்தப் பயமில்லை. வந்து இரண்டு மாதத்தில் பாராளுமன்றம் கூட்டிவிட்டார்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கக்கூஸ் கழுவுவது யார் என்று எங்கள் மாடியில் பிரச்சினை. மற்ற மாடிகளில் நாலு கத்தல் கத்தி முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் மாடியில் இவர் இருந்தாரே. எட்வேட் பிரபுக்களையும் மதகுருமாரையும் ஊருக்கு இரண்டு பேராகச் சனத்தையும் கூப்பிட்டவன் என்றபடியால், குடும்பகாரர் பிரபுக்களாகவும் தனியாகக் கிடந்த பெடியள் பொதுசனமாகவும் ஆகினார்கள். மதகுருமாருக்குத்தான் தட்டுப்பாடு. மூன்றாம் அறை லூர்தம்மா வேதக்காரி என்பதால் அவவைப் பிடித்துப் போட்டார். சுன்னாகத்தில் தையல் கடை வைத்திருந்த மனுசி, வாய் சும்மா கிடக்காது.

"மாஸ்டர், நான் மேற்றிராணியாரோ? அப்ப எனக்கொரு தொப்பி வாங்கித் தாங்கோவன்" என்றா.

"லூர்தம்மா அக்கா, இது விளையாட்டில்லை. எல்லாரையும் தொடுற விசயத்துக்கு எல்லாரும் சம்மதிக்க வேணும். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு அழைப்பிலை அரசனே எழுதினது."

என்னைக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, நீர் அரசன் வீட்டாள், உமக்குத் தனியாக இடமில்லை என்றார். சரி, மகாராணி உருளைக்கிழங்கு சீவினேன்.

கூட்டத்துக்குத் தேநீர் கொடுக்க வேண்டுமென்று அறைக்கு ஒரு கரண்டி தேயிலை வரி போட்டார். பெடியள், முதலில் ரீவி அறைத் திறப்பை வாங்கித் தாருங்கோ, தேயிலை பிறகு என்று மறித்துவிட்டார்கள். வேறு ஆளென்றால் கோபம் வந்திருக்கும். இவர் சந்தோசத்தில் எழும்பி நின்றுவிட்டார். குறையைத் தீர்த்தால்தான் வரி என்று அன்றைக்கு எட்வேட்டை மறித்தார்களாம், அதே மாதிரி நடக்கிறதாம். உடனே ஹைம் பொறுப்பாளனிடம் இறங்கிப் போய், நல்ல இங்கிலீசில் பொதுசனத்தின் மனுவைச் சமர்ப்பித்தார். அந்த ஜேர்மன்காரனுக்கு இங்கிலீஸ் தெரியாது. முன்னுரையில் வந்த டொய்லெட் என்ற சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. ஒரு வாளியும் தும்புத்தடியும் எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டான்.

கடைசியில் கக்கூஸை நானும் லூர்தம்மாவும் கழுவினோம். பாராளுமன்றம் இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்து நடந்ததுதான் வயிறெரிகிற விசயம். எண்பத்தாறில் விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. அன்ராக்கைப் பற்றி ஒரு அதிகாரி நேரில் கேட்பார், நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஹைமில் எல்லாரும் சொன்னார்கள், மாஸ்டர், காலைக் காட்டுங்கோ, அடிச்சதைச் சொல்லுங்கோ, வேறொன்றும் வேண்டாமென்று. இவர் முதல் நாள் முழுக்க மேலும் கீழும் நடந்து ஆயத்தப்படுத்தினார். எனக்கு உள்ளுக்கு நம்பிக்கை. என்ன இருந்தாலும் படித்த மனுசன், சொல்ல வேண்டியதைச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"நான் சொல்லுவன். நீர் வெளியிலை இரும்" என்றார்.

வெளியில் இருந்தேன். மொழிபெயர்க்க வந்தவர் பார்த்தசாரதி என்ற இந்தியப் பெடியன், ஆகன் நகரத்தில் எஞ்சினியரிங் படிக்கிறவர். இரண்டு மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. பார்த்தசாரதிக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. இவருக்கோ பரீட்சை மண்டபத்தால் முதலாவதாக வெளியே வருகிற பெடியனின் முகம்.

"என்ன தம்பி சொன்னவர்?" என்று பார்த்தசாரதியைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"மேடம், நான் என்ன பண்றது? ஊர்ல என்ன நடந்துச்சுன்னு ஆஃபீசர் கேட்டாரு. இவர் தெர்ட்டீந்த் செஞ்சுரியில ஆரம்பிச்சாரு. ஷார்ட்டா சொல்லுங்க சார்னு கெஞ்சினேன். இதுதான் இன்ட்ரொடக்ஷன், இனிமேதான் ஆன்சர்னாரு. இங்கிலாந்து ராஜா, பார்லிமென்ட், வரி, கன்சென்ட்னு ஒரு அவர் போச்சு. கடைசியில ஆஃபீசர், சுருக்கமா என்னதான் சொல்றார்னு கேட்டாரு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இவருக்கு இங்கிலாந்து ராஜாவை ரொம்பப் பிடிக்கும்னு சொன்னேன். வேற எதுவும் எனக்கு வரல."

"அதுக்கு அவர்?"

"அப்ப ஏன் இங்கிலாந்துக்குப் போகலன்னு கேட்டாரு, மேடம்."

வந்த ஆத்திரத்தில் அந்தப் பெடியனைத்தான் ஏசினேன். பாவம், அவன் என்ன செய்வான். எங்கள் ஆட்கள் பரீட்சைக்கு மறுமொழி எழுதிப் பழகின பழக்கம் இது. கேட்ட கேள்வியைத் தொடமாட்டார்கள். முன்னுரை, பின்னணி, காரணங்கள் என்று நாலு பக்கம் போய், கேள்விக்கு வரும்போது மணி அடித்துவிடும். ஊரில் அதற்குப் புள்ளி போட்டார்கள். ஜேர்மன்காரன் போடுவானோ?

போடவில்லை. மறுப்பு வந்தது. வழக்குப் போட்டோம். எங்களுக்கு வாய்த்த வழக்கறிஞர் ஓபர்மன் என்றொரு அம்மா. மெலிந்த, உரத்த குரலுள்ள மனுசி, இங்கிலீஸ் பேசுவா. மறுப்பை வாசித்துக் காட்டினா. மனுதாரர் சொல்பவை பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்தவை, தனக்கு நேர்ந்ததாக அவர் எதையும் சொல்லவில்லை என்று இருந்தது. இதை எழுதின அதிகாரி சிரித்துச் சிரித்து எழுதியிருப்பான் என்று நினைக்க எனக்கு முகம் எரிந்தது.

ஓபர்மன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தா.

"உங்கள் எட்வேட்தானே யூதர்களையெல்லாம் இங்கிலாந்தை விட்டுத் துரத்தினவன்? அந்த வருடம் பாராளுமன்றம் அவனுக்கு வரி தூக்கிக் கொடுத்ததும் அதற்காகத்தானே?"

இவர் தொண்டையைச் செருமினார். "ஓம், ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறிலை. அது சிலபஸ்ஸிலை இல்லை."

எனக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருடமாக மீன் செதிலோடு என் தலையில் கொட்டின கதையில் இது ஒரு நாளும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது தொங்கு ரயிலில் வைத்துக் கேட்டேன்.

"அந்தச் சனம் பிறகு எங்கை போனது?"

"கடலைக் கடந்து பிரான்சுப் பக்கம்."

"அங்கை இருக்க விட்டவையோ?"

"கொஞ்சக் காலம். பிறகு அங்கையும் துரத்தினது."

"அவையும் அன்ராக் போட்டிருப்பினம். ஆரும் உங்களை மாதிரி முன்னுரை சொல்லியிருப்பான்" என்றேன். பக்கத்தில் இருந்த ஜேர்மன் கிழவி என் குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள்.

வழக்கு எண்பத்தெட்டில்தான் எடுபட்டது. போவதற்கு முதல் ஓபர்மன் அம்மா இவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னா. இதுதான் கடைசிக் கதவு. உங்கள் காலுக்கு என்ன நடந்ததென்று நீதிபதி கேட்பார், அதற்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கள். இவர் தலையாட்டினார். வைத்தியரிடம் கால் காட்டச் சொன்னதற்கும் முன்னர் தலையாட்டினவர்தான். இரண்டு முறை டெர்மின் எடுத்து இரண்டு முறையும் போகவில்லை.

நீதிமன்றம் இவருடைய டியூட்டரி வகுப்பறையைவிடச் சின்ன அறை. தடிமன் பிடித்த ஒரு வயதான நீதிபதி, பக்கத்தில் எழுதுகிற ஒரு பெண், விதியே என்று அதே பார்த்தசாரதி. இந்த முறை என்னையும் உள்ளே இருக்க விட்டார்கள். நீதிபதி மூக்கைத் துடைத்துவிட்டு, எண்பத்து நாலில் உங்களைக் கொண்டுபோன இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். குரலில் அவசரமும் இல்லை, கடுமையும் இல்லை.

இவர் எழும்பினார். கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"கனம் நீதிபதி அவர்களே, ஒருவனுடைய சம்மதம் இல்லாமல் அவனிட்டையிருந்து எதையும் எடுக்க அரசனுக்கு உரிமையில்லை எண்டது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழிலேயே…"

பார்த்தசாரதி கண்ணை மூடினார். ஓபர்மன் அம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டா. நீதிபதி ஒரு முறை, இரண்டு முறை, உங்களுக்கு என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டார். இவர் வரி, பாராளுமன்றம், அரசன் முத்திரை வைத்த சாசனம் என்று போய்க்கொண்டேயிருந்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. நீதிபதி மணிக்கூட்டைப் பார்த்தார். எழுதுகிற பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு வாழ்நாளில் வராத கோபம் வந்தது. இந்த வாயை நம்பி நான் நாட்டை விட்டு வந்தேன். இந்த வாயாலேயே எங்களைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார். எழும்பினேன்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இரும் குணேஸ்."

"சப்பாத்தைக் கழட்டிக் காலைக் காட்டுங்கோ. வாயை மூடிப்போட்டுக் காலைக் காட்டுங்கோ."

"கழட்டமாட்டன்."

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். மொழிபெயர்க்கக்கூட இல்லை. நான் போய் அவருக்கு முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்து, அந்தச் சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். காலை இழுத்தார். குதிக்காலைப் பிடித்துக்கொண்டேன். சப்பாத்து, அதற்குள் காலுறை, இரண்டையும் உருவி எறிந்துவிட்டு மற்றக் காலுக்கும் போனேன். பிறகு அந்தப் பாதங்களை நீதிபதி பக்கம் திருப்பிப் பிடித்தேன். "இதுதான் நடந்தது. மண் நிரப்பின குழாயாலை அடிச்சது. நகம் பிடுங்கினது. கூடப் போன பெடியள் இப்பிடித்தான் சொன்னவங்கள். இவர் எனக்கே சொல்லேல்லை" என்றேன். பார்த்தசாரதி சொல் விடாமல் சொன்னார்.

நீதிபதி எழும்பி, மேசையைச் சுற்றிக்கொண்டு கிட்ட வந்து, குனிந்து பார்த்தார். எழுதுகிற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் கதிரையில் இருந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்வேட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை.

அந்த வழக்கில் வென்றோம். நாலு மாதத்தில் தீர்ப்பு வந்தது, இருக்க விட்டார்கள். இன்றைக்கு லூர்தம்மா தைத்த திரைச்சீலை போட்ட சொந்த வீட்டில், வாடகைதான், இருந்துகொண்டு இதைச் சொல்லுகிறேன். இவர் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவப் போகிறார். வாய் ஓயாமல் கதைத்த மனுசனின் வாய் அடைத்துப் போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். நான் செய்தது சரி. இன்னொரு முறை அந்த அறையில் கொண்டுபோய் விட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஆனால் அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும். விசாரணை முடிந்து வெளியே வந்து, நடைபாதையில் கிடந்த வாங்கில் இவர் இருந்தார். சப்பாத்து இரண்டும் கையில் இருந்தன. ஓபர்மன் அம்மா என் தோளைத் தட்டி, நல்லாய்ச் செய்தாய் என்றுவிட்டுப் போனா. இவர் குனிந்து காலுறையைப் போடப் பார்த்தார். அது குதிக்காலோடு சிக்கி நின்றுவிட்டது. நான் இருந்து காலைப் பிடித்தேன். இவர் மெல்ல என் கையை எடுத்துவிட்டார்.

"இனியென்ன கோவம்? திருப்பி அனுப்பினால் என்ன செய்வியள்? அந்த விண்ணாணக் கதையாலை ஆரைக் காப்பாத்தினனீங்கள்?" என்று நானும் விடவில்லை.

"கோவமில்லை" என்றார். சப்பாத்து இரண்டையும் பக்கத்தில் சோடியாக வைத்தார்.

"அங்கையும் முதலிலை மரியாதையாத்தான் கேட்டவங்கள், குணேஸ். மாஸ்டர், சப்பாத்தைக் கழட்டுங்கோ எண்டவங்கள். நான் கழட்டமாட்டன் எண்டனான். ஒருத்தன் முழங்காலிலை இருந்து, குதிக்காலைப் பிடிச்சுக்கொண்டு கழட்டினவன். அதுக்குப் பிறகு ஒருத்தனும் என்னை மாஸ்டர் எண்டு கூப்பிடேல்லை."